கால் சுட வேண்டி வீரபாண்டிக்கு

கால் சுடவேண்டும் என்பதற்காக யாராவது பயணம் போவார்களா? போன புதன்கிழமை நான் போனேன். சின்னமனூரிலிருந்து வீரபாண்டி, பதினான்கு கிலோமீட்டர்.

காரணம் எங்கள் தெருவுக்கே தெரியும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சென்ற சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தேன். உச்சிவெயில். தார்ச்சாலையில் மற்றவர்கள் துள்ளி ஓட, நான் மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம்போல நடந்தேன். "ஆத்தா இவுக மேல எறங்கிட்டா!" என்று இரண்டு பெண்கள் காலில் விழுந்தார்கள். நானும் கண்ணைச் செருகிக்கொண்டு விபூதி பூசிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதமெல்லாம் கொப்புளம், வலியே இல்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மார்புக்கு நேர் பின்னால், தண்டுவடத்தின் உறையில் ஒரு நீர்க்கட்டி. அபூர்வமாக வருவதாம். அது தண்டுவடத்தை நசுக்கியதில்தான் சூடு தெரியவில்லை. நான்கு மணி நேர அறுவை சிகிச்சையில் முதுகெலும்பைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். "இனி மோசமாகாது. போன உணர்ச்சி திரும்புமான்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஏழு மாதமாகக் காத்திருக்கிறேன்.

பதினொன்று இருபதுக்குப் பேருந்து, நாற்பது நிமிடம். மனைவி செல்வியும் வந்தாள். கோயில் வாசலில் பூக்கார அக்கா என்னைக் கண்டுகொண்டார்.

"போன வருசம் ஆத்தா எறங்குனவுகதான?"

"ஆத்தா இல்லக்கா, முதுகுல கட்டி" என்றாள் செல்வி.

"அதக் காட்டிக் குடுத்தது யாராம்?"

ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினேன்.

வெயிலில் கிடந்த கல்தரையில் செல்வி முதலில் கால் வைத்தாள். "யாத்தே! பத்து எண்ணுவேன், எடுத்துரணும்."

வலது காலை வைத்தேன். ஆறு எண்ணும்போது பெருவிரலுக்குக் கீழே, வெந்நீர்ச் சொம்பைத் துணியோடு தொட்டதுபோல ஏதோ தெரிந்தது.

"சுடுதுடீ!"

"மெய்யாவா, நடிக்கிறீகளா?"

"மெய்யா."

அவள் எண்ணுவதை மறந்துவிட்டாள். பிறகு இடது கால். பத்து வரை ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கேட்டேன், செருப்பை மாட்டிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: திருவிழா இல்லாத நாளில் கூட்டம் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறீர்களா? பாராட்டை வாங்கிக்கொள்ளாமல் டாக்டரிடம் போங்கள். என் சோதனையைத் தனியாகச் செய்யவே கூடாது.

திரும்பும் பேருந்தில் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கை. செல்வி பார்க்கவில்லையென்று நினைத்து, செருப்பைக் கழற்றி இடது காலைத் தரையில் வைத்தேன். அவள் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்தாள். "இளஞ்சூடுதான்" என்றாள். பிறகு மெதுவாக எண்ணத் தொடங்கினாள். பத்தைத் தாண்டியும் நிறுத்தவில்லை.