வாங்காத துப்பாக்கிக்கு வாங்கிய பெட்டி

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் பழனிசாமி. ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் பக்கம் டாண்டினாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறார். பெல்ட்டில் ஓடிவரும் பாக்கெட்டுகளில் எதற்கு ஒட்டு சரியில்லை, எது எடை குறைகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் வேலை. அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் பதினாறு வருடம் நூலைச் சந்தேகப்பட்டார். சாயங்காலம் கிளம்பும்போது அந்தக் குணத்தையும் அங்கேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். மனிதர் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

கிரான்பர்னில் அவர் வீட்டு முன்கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் கார் கிளம்பும். தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து நான்காவது தடவை இழுத்துப் பார்த்த நாட்களும் உண்டு. மனைவி நாகலட்சுமி முதியோர் இல்லத்தில் நர்ஸ். காரில் உட்கார்ந்தபடியே, "ஏனுங்க, கதவு கையோட வந்துறப் போகுதுங்க" என்பாள். அவர் காதில் விழாது.

பக்கத்து வீட்டில் லக்சனும் பத்மாவும். கிளிநொச்சிப் பக்கத்து ஆட்கள். லக்சன் பஸ் ஓட்டுகிறான். செவ்வாய்க்கிழமை குப்பை லாரி வந்து போனதும், தன் தொட்டிகளோடு பழனிசாமி வீட்டுத் தொட்டிகளையும் உள்ளே உருட்டி வைத்துவிடுவான். ஏழு வருடமாக யாரும் கேட்காமலே நடக்கிற காரியம். எதற்காக இவன் செய்கிறான் என்று பழனிசாமி ஏழு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார். கேட்டையும் திறந்து மூடுகிறானே, உள்ளே என்ன பார்க்கிறான்? ஊருக்குப் போகும்போது மட்டும் வேறு வழியில்லாமல் வீட்டுச் சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்.

இத்தனைக்கும் காரணம் நாற்பது பவுன் நகை. நாகலட்சுமியின் அம்மா போட்டு அனுப்பியது. மகள் தாரிணிக்கு ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை சிட்னி கெல்லிவில் பையன். நகை மொத்தமும் அவளுக்குத்தான் போகிறது. அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும் என்று அந்த ஒரே ஆள் நினைத்துக்கொண்டிருந்தார். நாகலட்சுமி கேட்டால், "தெரிஞ்ச ஆளு குறைவா இருந்தா நல்லது" என்று முடித்துவிடுவார். அவள் அம்மா வீட்டு நகை, அவளுக்கே சொல்ல மாட்டாராம்! எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றில் நகையைப் போட்டு, வீடு கட்டியவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன டைல்ஸ் பெட்டிக்குள் இறக்கி, மேலே டேப் ஒட்டி, டேப்பின் மேல் தன் கையெழுத்தையும் போட்டு காரேஜ் மூலையில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்க் கையெழுத்து கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

மார்ச் மாதம் மூன்று வீடு தள்ளி கிரிஜா வீட்டில் பட்டப்பகலில் திருட்டு. பின்பக்கக் கண்ணாடியை உடைத்து வந்தவர்கள் டிவியைத் தொடவில்லை, லேப்டாப்பைத் தொடவில்லை, நகையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழனிசாமி கிழமை பார்க்காமல் காரேஜுக்குப் போய்க் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இந்தியக்காரர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்த எவனோ தெருவைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். அப்படியானால் கேமராவும் அலாரமும் போதாது. துப்பாக்கி வேண்டும்!

எறும்பு மொய்த்த சர்க்கரையைக்கூட வெயிலில் வைத்து எறும்பு போகிற வரைக்கும் காத்திருக்கிற மனிதர். பழனிக்கு மாலை போட்ட நாளிலிருந்து முட்டைகூடத் தொடுவதில்லை. அவர் இப்போது அமெரிக்கக்காரர்கள் பேசுகிற துப்பாக்கி வீடியோக்களை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டைக் காக்க ஷாட்கன்தான் சரி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எந்த ஷாட்கன் என்பதில்தான் அடிதடி. பம்ப் என்றால், ஒவ்வொரு தடவை சுட்டதும் குழாய்க்கு அடியில் இருக்கிற பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும்.

தொழில் புத்தி விடுமா? எக்செல் திறந்து கட்டம் போட்டார். பம்ப்: எளிய அமைப்பு, எந்தத் தோட்டாவையும் தின்னும், ஆனால் பயத்தில் கை நடுங்கி முழுசாக இழுக்காமல் விட்டால் அடுத்த குண்டு ஏறாது. செமி: தோளில் உதைப்பது குறைவு, வேகம், ஆனால் துடைத்து எண்ணெய் போட்டு வைக்காவிட்டால் சரியான நேரத்தில் சிக்கிக்கொள்ளும். பம்புக்கு இன்னொரு தகுதியும் இருந்தது. அதை இழுத்துத் தள்ளுகிற 'சடக் சடக்' சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவானாம். சுடவே வேண்டாமாம். அதில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. தாரிணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆர் யூ சீரியஸ்? திஸ் இஸ் கிரான்பர்ன்!" என்றாள். அவர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

ஆனாலும் யாரிடமாவது கேட்காமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை லக்சன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். பழனிசாமி வேலியோரமாகப் போய், சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"லக்சன், இந்த பம்ப் துப்பாக்கி, செமி ஆட்டோமேட்டிக், ரெண்டுல எது நல்லதுன்னு நினைக்கறீங்க?"

லக்சன் மெஷினை நிறுத்தினான். "ஏன் அண்ணை?"

"சும்மாதான். வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாம்னு. அந்த சடக் சத்தத்துக்கே ஓடிருவானாமே."

"அந்தச் சத்தம் கேட்டால் கள்ளன் ஓடுறானோ இல்லையோ, நான் கட்டிலுக்குக் கீழ போயிடுவன்." லக்சன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேண்டாம் அண்ணை. இவ்வளவு தூரம் வந்தது அந்தச் சத்தம் இல்லாத இடம் எண்டுதான். நீங்கள் பயப்பிடாதேங்கோ, நாங்கள் பக்கத்திலதானே இருக்கிறம்" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் இந்தச் சொல்லில் மனம் இளகியிருக்கும். இவர் திரும்பி நடக்கும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். துப்பாக்கி வேண்டாம் என்று இவன் ஏன் சொல்கிறான்? துப்பாக்கி வந்தால் இவனுக்கு என்ன இடைஞ்சல்?

துப்பாக்கி வைத்திருக்க இரும்புப் பெட்டி வேண்டும், அதைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். உடனே பெட்டிக்கு ஆர்டர் போட்டார். துப்பாக்கி பிறகு, பெட்டி முதலில்! லாரியில் இருந்து இரண்டு ஆட்கள் இறக்கினார்கள். ஆள் உயர அட்டைப்பெட்டி, அதன் நாலு பக்கமும் 'கன் சேஃப்' என்று கொட்டை எழுத்தில். தெருவே வேடிக்கை பார்த்தது. தன் வீட்டில் பூட்டி வைக்க ஏதோ இருக்கிறது என்று தெரு முழுக்கப் பறை அடித்துவிட்டோமே என்பது அட்டையைக் கிழிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. லக்சன் வந்து, காரேஜ் சுவரில் துளை போட்டு, போல்ட் முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பத்மா கொடுத்தனுப்பிய வடையையும் வைத்துவிட்டுப் போனான். டைல்ஸ் பெட்டிப் பக்கம் அவன் கண் எத்தனை தடவை போனது என்று பழனிசாமி எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை.

அடுத்த சனிக்கிழமை எக்செல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனார். கவுன்டரில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் இருந்தார். பழனிசாமி தாளை விரித்து, பம்பா செமியா என்று கேட்டார். தாடிக்காரர் கட்டங்களைப் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா வேலை செஞ்சிருக்கீங்க. எதுக்கு வேணும்?"

"வீட்டுப் பாதுகாப்புக்கு."

தாடிக்காரர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "முதல்ல, அது இந்த நாட்டுல ஒரு காரணமே இல்லை. லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தீங்கன்னா அப்பவே முடிஞ்சுது. ரெண்டாவது, பம்பும் கிடையாது, செமியும் கிடையாது. தேவை இருக்குன்னு நிரூபிச்ச பண்ணைக்காரங்க, போட்டியில சுடறவங்க சிலர், அவ்வளவுதான்."

"வேற ஏதாவது..."

"வேட்டைக்குன்னா ரெட்டைக் குழல் இருக்கு. துப்பாக்கி ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல இருக்கணும். திருடன் வந்தா, நான் ரெண்டு பூட்டையும் திறக்கிற வரைக்கும் உட்காருன்னு அவனுக்கு டீ போட்டுக் கொடுங்க." சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

இரண்டு மாத ஆராய்ச்சி காற்றில் போனது. காரில் வரும்போது ஒரே ஒரு ஆறுதல் தோன்றியது. பெட்டிதான் இருக்கிறதே! நகையை அதில் வைத்துப் பூட்டிவிடலாம். வந்ததும் வராததுமாகக் காரேஜ் கதவை இறக்கிவிட்டு டைல்ஸ் பெட்டியின் டேப்பைக் கிழித்தார். கையெழுத்து அப்படியே இருந்தது. டைல்ஸும் இருந்தது. தூக்குப்போசி இல்லை.

டைல்ஸை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். பெட்டியைக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் புதிய டேப் ஒட்டியிருந்தது! மேலே கையெழுத்துப் போட்டவருக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. தாரிணியின் கல்யாணம் கண் முன்னால் வந்தது. ஜனவரியில் கோயம்புத்தூர் போனபோது சாவி யாரிடம் இருந்தது? போன வாரம் இந்தக் காரேஜில் நின்று இரண்டு தடவை இந்தப் பக்கம் பார்த்தவன் யார்? நாகலட்சுமி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார்.

லக்சன் கார் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்கோ அண்ணை, கடைக்குப் போனீங்களோ?"

"ஜனவரியில எங்க வீட்டுச் சாவி உங்ககிட்டத்தான இருந்துச்சு?"

"ஓம்."

"காரேஜுல இருந்த நகை எங்க?"

லக்சன் குழாயை மூடினான். உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் அந்த எவர்சில்வர் தூக்குப்போசி இருந்தது. பின்னால் பத்மா, ஈரக் கையோடு.

"பாத்தியா! பாத்தியா! திருட்டுப்பய!" பழனிசாமி தெருவே கேட்கக் கத்தினார். "எனக்கு அப்பவே தெரியும்! குப்பைத் தொட்டியை உருட்டும்போதே தெரியும்!"

எதிர்வீட்டில் ஜன்னல் திரை விலகியது. மூன்று வீடு தள்ளி கிரிஜாவும் வாசலுக்கு வந்து நின்றாள். அப்போதுதான் நாகலட்சுமி தலையில் துண்டோடு, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"ஐயோ, வாயை மூடுங்க! நான்தானுங்க குடுத்தேன்!"

"எப்போ?"

"ஊருக்குப் போகறப்போ. பாத்ரூம்ல உடைஞ்ச ஒரு டைலுக்காகப் பெட்டியை எடுத்தேன், அடிப்பக்கம் பிஞ்சுது, போசி தெரிஞ்சுது. காரேஜுல வெச்சிருக்கீங்களே, திருடன் முதல்ல நுழையற இடம் அதுதான? பத்மாகிட்டக் குடுத்துட்டுப் போனேன். வந்து வாங்கலாம்னா நீங்க துப்பாக்கின்னு ஆரம்பிச்சுட்டீங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "துப்பாக்கி வந்தா நீங்க முதல்ல யாரைச் சுடுவீங்கன்னே எனக்குத் தெரியலை. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

லக்சன் போசியைக் காரின் பானெட் மேல் வைத்தான். "எண்ணிப் பாருங்கோ" என்றான்.

பழனிசாமி எண்ணவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைச் சரிபார்க்காமல் கையில் எடுத்தார். பத்மா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். "தம்பி, நான் வந்து..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். லக்சன் குழாயைத் திறந்து காரைக் கழுவத் தொடங்கினான்.

நாகலட்சுமி நகையை அந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி எங்கே என்று அவர் கேட்டார். "தெரிஞ்ச ஆளு குறைவா இருந்தா நல்லதுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தபால் பெட்டியில் ஒரு வெள்ளைக் கவர் கிடந்தது. பெயரும் இல்லை, கடிதமும் இல்லை. உள்ளே லக்சனிடம் இருந்த வீட்டுச் சாவி.

செவ்வாய்க்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். குப்பை லாரி வந்து போனது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். லக்சன் வந்து தன் தொட்டிகளை மட்டும் உருட்டிக்கொண்டு உள்ளே போனான். இவருடைய இரண்டும் ரோட்டோரத்தில் நின்றன. வெட்கத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

"லக்சன்! ஒரு நிமிஷம், தம்பி."

லக்சன் நின்றான். முகத்தில் கோபம்கூட இல்லை. பஸ்ஸில் ஏறுகிற ஆளிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டான்.

"ஓம், சொல்லுங்கோ மிஸ்டர் பழனிசாமி."

ஏழு வருடமாக அவன் கூப்பிட்ட 'அண்ணை'யை ஒரு நாளும் அவர் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது அது ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது. லக்சன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பழனிசாமி தன் தொட்டிகளைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார்.