வெட்டுவதற்காவது ஒருவன்

டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் என் பக்கத்தில் நின்று தட்டு அடுக்குகிற சீனக்காரர், தன் நாட்டில் அரசாங்கப் படக் கம்பனியில் கதை எழுதியவர். இருவருக்கும் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வோம்.

அந்தக் காலத்தில் ஓர் அதிகாரி அவருடைய கதைகளை வரிவரியாக வாசித்து, சிவப்புப் பென்சிலால் வெட்டித் தள்ளுவாராம். அந்த ஆளைத் திட்டாத நாளில்லையாம். பிறகு சந்தையைத் திறந்துவிட்டார்கள். கம்பனி தன் சோற்றைத் தானே தேட வேண்டியதாயிற்று. புதிதாக வந்த முதலாளிகள் கதையைக் கையில்கூட வாங்கவில்லை. யார் நடிக்கிறார், எத்தனை சண்டை என்று மட்டும் கேட்டார்களாம்.

"வெட்டுவதற்காவது ஒருவன் வாசித்தானே" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தணிக்கைக்காரனை நினைத்து ஏங்கும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்த மாதம், பக்கத்தில் லாசாலில் ஒரு மண்டபத்தில் என் தமிழ்ச் சிறுகதைப் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. ஆய்வுரை செய்ய வந்தவர் அட்டைப்படத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். மேடைக்கு வந்து பிரதி வாங்கி, என்னோடு நின்று படம் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்:

"பேந்து நேரம் கிடைக்கேக்க ஆறுதலா வாசிக்கிறன் அண்ணை."

மூன்று வாரம் கழித்துச் சீனக்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாதவர், கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இடைவேளை முடிந்தும் எழும்பவில்லை. கடைசிக் கதைக்குள் ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்தப் பக்கத்தை ஏன் இரண்டு தரம் அச்சடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். அதே பக்கம்தான், அடுத்த தாளிலும்.

அதுவரை ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.