பஸ் படிக்கட்டில் டோரதி

மைசூரு விஜயநகரில் ஒரு சர்ச். அதன் சபையார் வருடம் ஒருமுறை பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய், பூமியைக் காப்பாற்றிவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவார்கள். காப்பாற்றுவது வெளிநாட்டு அலையாத்திக் கன்றுகளைச் சேற்றில் நட்டு. ஒவ்வொரு கன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர்ப்பலகை தொங்கும்.

இந்த வருடம் பஸ் படிக்கட்டை மறித்து உட்கார்ந்துகொண்டாள் ஓய்வுபெற்ற நர்ஸ் டோரதி.

"பிடிவாதம் பேட, வேணாம் சிஸ்டர், எழுந்திருங்க. லேட் ஆகுது" என்றார் சபைச் செயலாளர் எலியேசர்.

"போன தடவை நட்டது பரவி, மட்டிச் சிப்பி பொறுக்கற சேத்தையே மூடிடுச்சுண்ணா. அங்க இருக்கற என் நாத்தனார் வெறுங்கூடையோட வீடு திரும்பறா. கன்னு ஏத்தணும்னா என்னை மிதிச்சு ஏத்துங்க!"

"பேர் எழுதியாச்சே! போட்டோ வேணாமா?"

அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. "கன்னை சர்ச் தொட்டியில வெச்சு போட்டோ எடுத்துக்குங்க. கடல் எங்க, மைசூரு எங்க? இங்கேருந்து எப்படிப் பரவும், பார்க்கலாம்!"

எலியேசர் யோசித்து, கன்றுகளைத் தொட்டியில் வைக்கச் சொன்னார். பிறகு தன் பெயர்ப்பலகையைக் கேமராப் பக்கம் திருப்பி, காலரைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தார்.

பஸ்ஸில் ஒரு கன்றுகூட இல்லை என்று குனிந்து பார்த்த பிறகே டோரதி எழுந்தாள். எழுந்து, உள்ளே போய், ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டாள். மீன் வறுவலோடு அவளுக்கு எந்தத் தகராறும் இல்லை.