சிண்டர் கோனிலிருந்து ரெட்டிங் வரை

டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை பாஸாகி, லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரில் இருந்தோம். என் ஓட்டமெல்லாம் வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து லைப்ரரி. கார்கள் நிற்காமல் பறக்கும் ஃப்ரீவேயில் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டால் என் கணவர், “என்ன அவசரம், நான்தான் இருக்கேனே” என்பார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தபோது அவர் போட்ட கத்தலில் எனக்கும் அந்த ஆசை பாதி விட்டுப்போயிருந்தது.

அந்த ஜூலையில் நான்கு நாள் லீவு போட்டு, வடக்கே லாஸன் எரிமலைப் பக்கம் கிளம்பினோம். நாங்கள் இருவர் மட்டும். முதல் நாள் கொதிக்கும் சேற்றுக் குழிகளைப் பார்த்தோம். அடுப்பில் களி கொதிப்பதைப் போலவே சேறு உப்பி உப்பி வெடித்தது. ஊரெல்லாம் வெயில் கொளுத்த, அங்கே ரோட்டோரம் பனி கிடந்தது.

மறுநாள் சிண்டர் கோன். புல் பூண்டு இல்லாமல், கருஞ்சரளையை லாரி லாரியாகக் கொட்டிக் குவித்தது மாதிரி நின்ற சின்ன எரிமலை. அவருடைய பழைய பேன்ட்டை இடுப்பில் ஊக்குப் போட்டு இறுக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டடி வைத்தால் ஓரடி கீழே சறுக்கியது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் பள்ளமான எரிமலை வாய். இன்னொரு பக்கம், கீழே, மிளகாய்ப்பொடியையும் சாம்பலையும் கலந்து தூவினாற்போல் சிவந்த மேடுகள்.

இறங்கும்போது அவர் சின்னப் பையன் மாதிரி ஓடினார். பாதியில் வலது கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. மீதிச் சரிவை உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. அடிவாரத்திலிருந்து கார் வரை ஒன்றரை மைல் மணல். எதிரே வந்த அமெரிக்கத் தம்பதி திரும்பி எங்களோடு நடந்தார்கள். அந்த மனிதர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு காரில் ஏற்றினோம்.

“நாங்க வேணா ரெட்டிங் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டட்டுமா?” என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“நான் ஓட்டறேன்,” என்றேன்.

முதல் ஆறு மைல் மண் ரோடு. மணிக்கு இருபது மைல் வேகத்தில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்காத குறை. பிறகு மலை இறங்கும் ஹைவே. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்ததில் கருகல் வாசனை வந்தது.

“லோ கியர் போடு. பிரேக்கை விட்டு விட்டு மிதி,” என்றார் மெதுவாக.

போட்டேன். இன்ஜின் உறுமி, கார் தானே நிதானப்பட்டது. பின்னால் மரக்கட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது.

“அவன் போகட்டும். அதோ, ஓரமா இடம் இருக்கு பார்.”

ஒதுக்கி நிறுத்தினேன். லாரி ஹாரன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனது. அப்போதுதான் தண்ணீர் குடித்தேன்.

“இன்னிக்கு நீங்க கத்தவே இல்லையே?” என்றேன்.

“கத்தற மாதிரி நீ ஒண்ணும் பண்ணலையே.”

ரெட்டிங் அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, முறிவு இல்லை, சுளுக்குத்தான், இரண்டு வாரம் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். மோட்டலில் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, “காலைல வீட்டுக்குக் கிளம்பிடலாமா?” என்று கேட்டேன்.

“இவ்வளவு தூரம் வந்துட்டு ஷாஸ்தா மலையைப் பார்க்காமலா? நீதான் ஓட்டறியே.”

அடுத்த நாள் காலை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஃப்ரீவேயில் நுழைந்தேன். “மெர்ஜ் பண்ணு, இப்ப,” என்று அவர் சொல்வதற்குள்ளேயே, ஓடும் கார்களுக்கு நடுவே நுழைந்திருந்தேன். பின் சீட்டில் தலையணை மேல் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் வெள்ளை மலை எதிரே வந்தது, வளைவில் மறைந்தது, இன்னும் பெரிதாக மறுபடி வந்தது.

“ரோட்டைப் பாரு,” என்றார்.

“பார்த்துட்டுத்தான் இருக்கேன்,” என்றேன். இரண்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.