ஆள் ஏறாத ஜீப்

எங்கள் சித்தப்பா வேதமுத்துவைப் பற்றிக் குடும்பத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பயந்துபோய் வண்டியை விட்டுவிட்டார் என்கிறது ஒரு பக்கம். டாக்டர் தடுத்துவிட்டார் என்கிறது மறுபக்கம். இரண்டும் முழு உண்மையல்ல. சித்தி சிசிலியும் சித்தியின் தம்பி ஜோஸும் தனித்தனியே சொன்னவற்றை ஒத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று முரண்படாததை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

வண்டன்மேட்டிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் அவருடையது. காலையில் கொண்டு விடுவார். மாலையில் திரும்ப அழைத்து வருவார். பின்னிருக்கையில் ஓயாத பேச்சு. மாமியார் சண்டையும் சீரியல் கதையும் அந்த வளைவுகளில்தான் முடிவுக்கு வரும். சித்தப்பா அதிகம் பேசாதவர். ஆனால் இடையிடையே கண்ணாடியில் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார், வண்டி குலுங்கச் சிரிப்பார்கள். கொழுந்தன் முறைப் பையன்களுக்குக்கூடக் கிடைக்காத உரிமை அவருக்கு அங்கே இருந்தது.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்தபின் விடியற்காலையில் மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டி எடுப்பது வழக்கமாயிற்று. அந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முன் நோன்பிருக்கும் தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மதியம் ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தியை அவர் சிறுவயதிலிருந்து விட்டதில்லை. நோயாளிகளுக்கு இது கடமையில்லை என்று கோயிலில் ஆண்டுதோறும் வாசிப்பார்கள். அது மற்ற நோயாளிகளைப் பற்றியது என்று அவர் எண்ணிக்கொண்டார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மாத்திரையைப் போட்டார். இட்லியைத் தொடாமல், பாலும் சீனியும் இல்லாத கட்டங்காப்பியோடு கிளம்பினார்.

வழியில் கை நடுங்கியது, வியர்த்தது. முன்னிருக்கையில் இருந்த செல்வலட்சுமி, “அண்ணே, இந்தக் கடலை மிட்டாய வாயில போடுங்க. மூஞ்சியே சரியில்ல,” என்றிருக்கிறாள்.

“இன்னைக்கு ஒருசந்தி, தாயி.”

சர்க்கரை இறங்குவதைப் பசியென்றே நம்பினார். அந்தப் பசியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தபடி ஓட்டினார். அடுத்த வளைவில் கண் இருண்டது. வண்டி நல்லவேளையாக மலைப்பக்கம் சாய்ந்து, ஓடையில் இறங்கி நின்றது. செல்வலட்சுமியின் தோள் எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத எனக்கு மனம் வந்திராது.

வண்டி ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட, அதன்பின் ஜோஸ் ஜீப்பை எடுத்தார். சித்தப்பா ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காவல் வேலைக்குப் போனார். காலையில் ஜீப்பின் சத்தம் கேட்டதும் ஸ்டோர் வாசலுக்கு வந்து நிற்பார். அது மேட்டில் கியர் மாற்றும் இடத்தில் அவருடைய இடது கால் தானாக மிதிக்கும். “அத்தான், கிளட்ச் இங்க இருக்கு, அங்க இல்ல,” என்று ஜோஸ் கத்திக்கொண்டே போவாராம். பெண்கள் கையசைத்துக் கடந்து போவார்கள். சத்தம் தேயும்வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே திரும்புவார். வீட்டில் இதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஞாயிறுதோறும் ஜீப்பைக் கழுவுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சாப்பாடும் மாத்திரையும் ஒழுங்கான பிறகு, மறு வருடம் டாக்டர் பாதி அனுமதி கொடுத்தார். “வண்டிய நீங்க மட்டும் ஓட்டலாம். ஆளுகள ஏத்துறதுக்கு இன்னும் கொஞ்சநாள் போகட்டும்.”

காயெடுப்பு மும்முரமாக இருந்த ஒரு காலையில் ஜோஸுக்குக் காய்ச்சல். வேறு ஜீப் எதிலும் இடமில்லை. பெண்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சித்தப்பா சாப்பிட்டுவிட்டு, சர்க்கரையும் பார்த்திருந்தார். சரியாகவே இருந்தது.

“நீங்களே எடுங்கண்ணே,” என்றவள் செல்வலட்சுமிதான். “இன்னொரு தோளு இருக்குல்ல எனக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சாவியை எடுத்து வந்தார். உட்கார்ந்து கிளப்பினார். அந்த முகத்தைப் பார்த்துத் தனக்கே அழுகை வந்தது என்றார் சித்தி. பெண்கள் பின்னால் கால் வைத்தபோது அவர் எஞ்சினை அணைத்தார்.

“யாரும் ஏறாதீங்க. தூக்குவாளி, சாக்கு, மழைக்கோட்டு எல்லாம் உள்ள வைங்க. நீங்க குறுக்குப் பாதையில நடந்து வாங்க.”

“நல்லாருக்கே! சோறு ஜீப்புல, நாங்க கால்நடையா?” என்றாள் ஒருத்தி.

சித்தி சட்டென்று முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். “ஆளுகளத்தான ஏத்தக் கூடாதுன்னாரு டாக்டரு? நான் பொண்டாட்டிதான?”

“நீயும் ஆளுதான், சிசிலி. எறங்கு.”

“ஒத்தையில போயி மயங்கி விழுந்தா?”

“மிட்டாய் பையில இருக்கு. கை நடுங்குனா நிப்பாட்டித் தின்னுருவேன். எறங்கு தாயே.”

சித்தி இறங்கினார். ஜீப் மேடேறியது. பெண்களோடு சித்தியும் சேற்றில் நடந்தார், கேலியும் நடந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் தோட்டத்து வாசலில் ஒழுங்காக நின்றிருந்தது. சித்தப்பா இறங்காமல் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி இருந்தார். தான் ஏங்கிக் கிடந்த பாதை முழுவதையும் அவரே ஓட்டி வந்திருந்தார். மகிழ்ச்சியாக இருப்பார் என்று நினைத்து, சித்தி தூக்குவாளியை எடுத்துக்கொண்டே கேட்டார்: “எப்படி இருந்துச்சு?”

“வண்டி நல்லா ஓடுச்சு,” என்றார். பிறகு, “தூக்குவாளி கடகடன்னுதான் சொல்லுச்சு. வேற யாரும் ஒண்ணும் பேசல,” என்றார்.

பெண்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். குரல்கள் ஏலச்செடிகளுக்குள் மறையும்வரை அவர் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஜோஸ் குணமானதும் சித்தப்பா சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். தனியாக ஓட்ட அனுமதி இருந்தும் அதன்பின் சித்தப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சர்க்கரை பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் போகிறார். ரத்தம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்: “ஆளுகள எப்ப ஏத்தலாம்?” இதை எழுதும் நாள்வரை, “பார்க்கலாம்,” என்பதே பதில்.