கேட்டா எடுக்கிறேன்

தைப்பூச விரத நாட்களில் எதிர்வீட்டு நெத்திலிச் சம்பல் வாசனை, காஹாங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த 'லயம்' எனும் தொழிலாளர் வரிசைவீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிடும். ஒன்பது வயதில் பக்தி என்று நான் அறிந்திருந்ததெல்லாம் அந்த வாசனையை மோந்துகொண்டே மோர்ச்சோறு தின்பதுதான். ஒரே ஒரு வருடம் மட்டும் முனகாமல் தின்றேன், என் தம்பி சரவணனுக்காக.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்று, அம்மா தோட்டத்துக் கோயிலில் முருகன் முன்னால் நின்று, "பிள்ளைக்குக் காது கேட்டுச்சுன்னா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்பா" என்று வேண்டிக்கொண்டதற்கு நானே சாட்சி. அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று பிஸ்கட் டின்னைக் கரண்டியால் அடித்துப் பார்ப்பேன். எதிர்வீட்டுக் கோழிகள் திரும்பிப் பார்த்தன, அவன் பார்க்கவில்லை.

தைப்பூசத்தன்று காலையில் அம்மா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு குடத்தை விளக்குவதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பெயரையே வைத்த பிள்ளையின் காதைப் பிடுங்கிக்கொண்டு, நாங்கள் மீன் வாசனையோடு மல்லுக்கட்டியதையும் வேடிக்கை பார்த்துவிட்டு, வேலும் கையுமாக வாயே திறக்காமல் நிற்பவருக்குப் பால் ஒரு கேடா?

"காது கேட்டாதானே எடுக்கிறேன்னீங்க? கேக்கலையேம்மா."

"கேட்டா எடுக்கிறேன்னு சொன்னேன். கேக்கலன்னா எடுக்க மாட்டேன்னு சொன்னேனா?"

"இது என்னம்மா நியாயம்?"

"நியாயத்த என்கிட்ட ஏண்டி கேக்குற? வாய்தான் நீளமா இருக்கு லா உனக்கு, அவர்கிட்டயே போய்க் கேளு. முதல்ல தம்பிக்குச் சட்டையப் போட்டு விடு."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வீட்டில் சாமிமேல் கோபம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கையெடுத்துக் கும்பிடவே மாட்டேன் என்ற சபதத்தோடு, தம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் குடத்துக்குப் பின்னால் நடந்தேன். வெறுங்காலைத் தார்ரோடு சுட்டதில் நான் துள்ளிக் குதிக்க, பக்கத்தில் வந்த ஒரு பெரியம்மா, "பிள்ளைக்கு அருள் வந்துருச்சு" என்று மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, நெற்றி நிறையத் திருநீற்றை அப்பிவிட்டார். சாமியோடு போட்ட முதல் சண்டையில் நான் தோற்ற அழகு அது. தம்பிக்குக் காது அதன்பிறகும் வரவில்லை. அம்மாவோ ஆண்டுதோறும் குடம் எடுத்தாள். எதற்கு என்று கேட்கும் துணிச்சல் எனக்கு அப்புறம் வரவில்லை.

இப்போது அந்த லயமும் இல்லை, கோயிலும் இல்லை. இரண்டும் இருந்த இடத்தில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள் நிற்கின்றன. அம்மாவும் போய்விட்டாள். சரவணன் கூலாய் நகரத்தில் இருக்கிறான், தொழிற்சாலையில் வேலை. போன மாதம் கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியிருந்தான்: "அக்கா, அம்மா குரல் எப்படி இருக்கும்?"

ஊர்வாயை எல்லாம் அடைக்கத் தெரிந்த நான், எழுதுவதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "கொஞ்சம் கரகரன்னு இருக்கும்டா. உன்னப் பத்திப் பேசுறப்ப மட்டும் இறங்கிடும்" என்று அனுப்பிவிட்டு, நேராக இப்போது நான் குடியிருக்கும் ஊர்க் கோயிலுக்குப் போய் முருகன் எதிரில் நின்று, ஒரு பிள்ளைக்குத் தாயின் குரலைக்கூட மிச்சம் வைக்காதது எந்த ஊர் நியாயம் என்று மனத்துக்குள் மூச்சுவிடாமல் திட்டினேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் இத்தனை வருடம் யாரோடு சண்டை போட்டிருப்பேன்?