அசையாத நான்கு

என் மேஜைமேல் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. எண்ணூரில் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்தது. அங்கே பம்ப் அறையில் வாயு கசிகிறதா என்று அளக்கும் கருவி உண்டு. முன்பெல்லாம் அதிலிருந்து ஒவ்வோர் அளவும் வந்து சேரும்போது இந்த ஸ்பீக்கர் ‘டிக்’ என்னும். அந்த அளவுகளைக் காட்டிய பழைய புரோகிராம், சாக்கெட் என்ற நேரடி இணைப்பு வழியாகக் கருவியோடு பேசியது. ஆனால் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதை எல்லோரும் பிரவுசரில் பார்க்கும்படி மாற்றித் தர என்னைக் கூப்பிட்டார்கள். பிரவுசரால் அந்தக் கருவியோடு நேராகப் பேச முடியாது என்பதால் நடுவில் ஒரு சர்வரை வைத்தேன். அது கருவியிடம் அளவை வாங்கி, வெப்சாக்கெட் என்ற இன்னோர் இணைப்பு வழியே பிரவுசருக்குக் கொடுக்கும். டிக் சத்தத்தை எடுத்துவிட்டேன். நாள் முழுக்க அதைக் கேட்டால் யாருக்கும் மண்டை காயும் என்று நினைத்தேன்.

ஆபரேட்டர் மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. ராயபுரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். “சத்தம் எங்க சார்? வேற வேல பாத்துகினே காதுல கேட்டுகினு இருப்பேன்” என்றார். திரையின் மூலையில் நான் வைத்திருந்த பச்சை விளக்கைக் காட்டினேன். “இது எரிஞ்சா கனெக்ஷன் இருக்குன்னு அர்த்தம் மேடம்.” என் குரலில் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மதியம் ஃபிட்டர் ஒருவர் கீழே பம்ப் அறை வாசலில் நின்றுகொண்டு வாக்கிடாக்கியில், “உள்ள போவட்டா மேடம்?” என்று கேட்டார். வாயு அளவு பத்துக்குக் கீழே இருந்தால் போகலாம். திரையில் நான்கு. விளக்கு பச்சை. மேடம் திரையையே பார்த்தார்.

“இன்னா சார், அப்ப புட்ச்சி நாலாவே கீது? மூணு ஆவும், அஞ்சு ஆவும். இப்டி கல்லு மாரி நின்னதே இல்ல.”

நான் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தேன். மறுபடியும் நான்கு, பச்சை. “பாருங்க” என்றேன். பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போன ஃபிட்டர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தது எங்கள் மாடி ஜன்னல் வழியே தெரிந்தது. மேடம் நாற்காலி சாய எழுந்து வாக்கிடாக்கியில் கத்தினார்.

“யோவ், கால எடு! வெளிய வா! கை மீட்டர வெச்சி பாரு மொதல்ல!”

கையோடு எடுத்துப்போகும் வாயு மீட்டரை அவர் வாசலில் நீட்டியதுமே அது அலறியது. மாடியில் எங்களுக்கே கேட்டது.

கருவிக்கும் சர்வருக்கும் நடுவிலிருந்த இணைப்பு காலையிலேயே அறுந்திருந்தது. சர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவிலிருந்தது ஒழுங்காக இருந்தது. என் பச்சை விளக்கு இந்தப் பாதியை மட்டும்தான் பார்த்தது. கடைசியாகக் கிடைத்த நான்கையே சர்வர் கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய டிக் சத்தம் இருந்திருந்தால், அது நின்ற உடனே மேடத்துக்குத் தெரிந்திருக்கும். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஃபிட்டர் மேலே வந்து ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். “இன்னா சார், உன் லைட்டு இன்னும் பச்சையாதான் எரியுதா?” என்று மட்டும் கேட்டார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது நான் எழுதும் எந்தப் பக்கத்திலும், ஐந்து நொடி புது அளவு வராவிட்டால் எண்ணை அழித்துவிட்டு வெறும் கோடு போடுகிறேன். பார்க்க நன்றாக இல்லை என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். நான் மாற்றுவதில்லை. அந்த ஆலைக்குப் புது ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்துவிட்டு, பழையதை மேடத்திடம் கேட்டு வாங்கி வந்தேன். இங்கே அது எதனோடும் சேராமல் சும்மா இருக்கிறது. அதன்மேல் கண் படும்போதெல்லாம் கதவுக்குள் வைத்த அந்த ஒரு கால்தான் தெரிகிறது. “பாருங்க” என்று அப்போது சொன்னவன் நான்.